நுரையீரலின் காவல்காரர்கள் – வெள்ளை அணுக்கள்

(அறிவியல் பகுதி)



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ரத்தத்தைப் பற்றி நல்லா எழுதியிருந்தான். ஆனால் அதில் சிவப்பணுவுக்குத்தான் முக்கால் பக்கம். வெள்ளை அணுவுக்கு இரண்டே வரி. அதனால் இந்த முறை வெள்ளை அணுவைப் பற்றி நான் எழுதுகிறேன்னு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. எங்க தாத்தாவுக்குக் காசநோய், அதாவது டி.பி. தினமும் காலையில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் அவர், "இருமல்தான் நின்னு போச்சே, எதுக்கு தாயி இன்னும் இம்புட்டு மாத்திரை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியல. புத்தகத்தில் தேடினேன், டீச்சரிடமும் டாக்டரம்மாவிடமும் கேட்டேன். அந்தப் பதில் வெள்ளை அணுவுக்குள்ளேதான் இருக்கு.

இதை எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்டலாமா என்று டீச்சர் தயங்கினாங்க. தாத்தாதான், "எழுதட்டும் டீச்சர், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னார்.

காலில் முள் குத்தினால்

நம்ம எல்லாருக்கும் கருவேல முள் குத்தியிருக்கும். முள்ளை எடுக்காம விட்டா இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் என்ன தெரியுமா? கிருமியோடு சண்டை போட்டுச் செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான் அதில் பெரும்பகுதி.

வெள்ளை அணு என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்ததும் ஒரு முள்ளால்தான். 1882ஆம் ஆண்டு. ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப் இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியா உட்கார்ந்து, நட்சத்திர மீனின் இளம் புழுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புழு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும். ரோஜா முள்ளை எடுத்து அதன் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து நின்றன! உடம்புக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்க அணுக்கள் இருக்கு என்று அவர் சொன்னார். இதற்காக 1908இல் பால் எர்லிக் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஐந்து வகைக் காவல்காரர்கள்

வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சிவப்பணு அதே அளவில் சுமார் 50 லட்சம். அதாவது ஒரு வெள்ளை அணுவுக்கு அறுநூறு, எழுநூறு சிவப்பணு! நூறு வெள்ளை அணுவை எண்ணினால் இப்படி இருக்கும்:

1. நியூட்ரோஃபில் – 50 முதல் 70. முதலில் ஓடிவருவது இதுதான். சண்டை போட்டுச் சீக்கிரம் செத்துவிடும்.
2. லிம்போசைட் – 20 முதல் 40. எதிரியை அடையாளம் கண்டு ஞாபகம் வைத்திருக்கும்.
3. மோனோசைட் – 2 முதல் 8. ரத்தத்தை விட்டு வெளியே போனதும் பெரிசா வளர்ந்து மேக்ரோஃபேஜ் ஆகும். பெரிய விழுங்கி என்று அர்த்தம்.
4. இயோசினோஃபில் – 1 முதல் 4. புழுக்களை எதிர்க்கும். ஒவ்வாமையிலும் கூடும்.
5. பேசோஃபில் – 1 அல்லது அதற்கும் குறைவு.

இதில் மேக்ரோஃபேஜை மட்டும் நல்லா ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான். (மேலே நீல ஸ்கெட்ச்சில் வரைந்திருப்பது.)

நுரையீரலுக்கு ஏன் இவ்வளவு காவல்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்றால் ஒரு நாளைக்கு 21,600 முறை. ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. மொத்தம் 10,800 லிட்டர். நாம தண்ணி எடுக்கும் 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 720 குடம்!

இவ்வளவு காற்றோடும் தூசி, புகை, கிருமி எல்லாம் உள்ளே வரும். பெரிய தூசியை மூக்கு முடி பிடித்துவிடும். மூச்சுக்குழாயில் உள்ள சளி இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அதையும் தாண்டி மிக நுண்ணிய துகள் மட்டும் கடைசியில் உள்ள காற்று நுண்ணறைக்குப் போய்ச் சேரும். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கு மேல் நுண்ணறைகள் இருக்கு. அங்கே முடியும் இல்லை, சளியும் இல்லை. சுவரோ மிகமிக மெல்லிசு. மெல்லிசா இருந்தால்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக முடியும்.

அங்கே காவல் இருப்பது மேக்ரோஃபேஜ். நுண்ணறைக்குள் ஊர்ந்து போய், கிடைக்கிற தூசியையும் கிருமியையும் விழுங்கிச் சுத்தம் செய்யும். நாம் தூங்கும்போதும் அது தூங்காது.

சண்டை போட்டால் வீடும் கொஞ்சம் உடையும்

நுரையீரல் நோயில் நமக்கு வரும் கஷ்டம் எல்லாம் கிருமி செய்வது மட்டும் இல்லை. நம்ம வெள்ளை அணு போடும் சண்டையாலும் வருகிறது.

நிமோனியா வந்தால் நியூட்ரோஃபில் கோடிக்கணக்கில் நுண்ணறைக்குள் வந்து இறங்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் நிறைந்துவிடும். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. சளி பச்சையாக வருவதும் நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் பச்சை நிற நொதியால்தான்.

ஊரில் பெரியவங்க "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்வாங்க இல்லையா? அது நோயின் பெயர் இல்லை. ரத்தத்தில் இயோசினோஃபில் கூடியிருக்கு என்பதுதான் அர்த்தம். ஆஸ்துமாவில் பல பேருக்கு இது கூடும். யானைக்கால் நோய்ப் புழுவாலும் கூடும், அப்போது ராத்திரியில் வறட்டு இருமல் வரும். காரணம் எதுவென்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

பீடி, சிகரெட் புகை என்ன செய்யும்? புகையைச் சுத்தம் செய்யவும் வெள்ளை அணுக்கள் வரும். அவை வெளியிடும் நொதிகள் நுண்ணறையின் மெல்லிய சுவரையே கொஞ்சம் கொஞ்சமா கரைத்துவிடும். பல சின்ன அறைகள் சேர்ந்து ஒரே பெரிய பொந்தாகிவிடும். பிறகு மூச்சை வெளியே விடவே கஷ்டம்.

விழுங்கியும் சாகாத கிருமி

இப்போ காசநோய்க்கு வருவோம். இதன் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1882 மார்ச் 24 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம். மெட்ச்னிகாஃப் முள் குத்திப் பார்த்ததும் அதே 1882தான்! எதிரியும் காவல்காரனும் ஒரே வருஷத்தில் தெரிய வந்தார்கள்.

காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் வரும். அதை நாம் சுவாசித்தால் நுண்ணறைக்குப் போகும். மேக்ரோஃபேஜ் வந்து வழக்கம்போல விழுங்கும். சாதாரணக் கிருமியாக இருந்தால் இப்படி நடக்கும்: விழுங்கிய கிருமி ஒரு பைக்குள் இருக்கும். அமிலமும் நொதியும் உள்ள இன்னொரு பை வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். கிருமி கரைந்துவிடும். நம்ம வயிற்றில் சோறு செரிப்பது மாதிரி.

காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற கெட்டியான மேலுறை இருக்கு. அது அந்த இரண்டு பையும் ஒட்டவிடாமல் தடுத்துவிடும். விழுங்கப்பட்ட பிறகும் சாகாது. காவல்காரன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து, அவன் சோற்றையே தின்று, பெருகும்!

சில வாரம் கழித்து லிம்போசைட்டுகள் உதவிக்கு வரும். மேக்ரோஃபேஜுக்குப் பலம் கொடுக்கும். எல்லா அணுக்களும் கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி நெருக்கமாக நின்று வேலி கட்டும். ஆடு மேயாமல் இருக்க நாம முள்வேலி போடுவது மாதிரி. இப்படிக் கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வேலி கடைசி வரை நிற்கும். கிருமி உள்ளே அடைபட்டே கிடக்கும். அவர்களுக்கு இருமல் இல்லை, அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுவதும் இல்லை.

மீதிப் பேருக்கு வேலி உடைந்துவிடும். சரியான சாப்பாடு இல்லாதது, சர்க்கரை வியாதி, எச்.ஐ.வி., புகை, குடி இதெல்லாம் வேலியைப் பலவீனமாக்கும். வேலிக்கு நடுவில் உள்ள சதை செத்து, திரிந்த பால் கட்டி மாதிரி ஆகும். அது இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைந்து ஊற்றும். அந்த இடம் பொந்தாகும். இருமினால் கிருமி வெளியே வரும், சில பேருக்கு ரத்தமும் வரும்.

சாயங்காலம் காய்ச்சல் அடிப்பதும், உடம்பு இளைப்பதும் ஏன்? சண்டை போடும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் ரசாயனங்கள்தான் உடம்பைச் சூடாக்கி, பசியைக் குறைத்து, சதையைக் கரைக்கின்றன. அந்தக் காலத்தில் இதை எலும்புருக்கி நோய் என்று சொன்னார்கள். தாத்தாவைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது.

ஆறு மாதம் எதுக்கு?

இப்போ தாத்தா கேட்ட கேள்விக்கு வரலாம்.

சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி பிரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதிலும் மேக்ரோஃபேஜுக்குள்ளேயும் வேலிக்குள்ளேயும் இருப்பவை பெருகாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். மருந்து, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைச் சீக்கிரம் கொல்லும். தூங்கும் கிருமியைக் கொல்ல நாள் ஆகும்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால். அதில் பெருகும் கிருமியில் பெரும்பகுதி செத்துவிடும். இருமல் நிற்கும், காய்ச்சல் போகும், பசி எடுக்கும். நோய் போய்விட்டது என்று நமக்குத் தோன்றும். ஆனால் தூங்கும் கிருமி உள்ளே அப்படியே இருக்கும். அதற்காகத்தான் அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு போக மற்ற மூன்று மருந்து. மொத்தம் ஆறு மாதம். சில பேருக்கு டாக்டர் இன்னும் நீட்டிப்பார்.

எங்க தாத்தா போன வருஷம் மூன்றாவது மாதத்திலேயே யாருக்கும் சொல்லாம நிறுத்திவிட்டார். மாத்திரையைத் தகர டப்பாவில் போட்டு, பரணில் வைத்திருந்தார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்து, ரத்தம் போகுதோன்னு பயந்ததும் ஒரு காரணம். அது வெறும் மருந்தின் நிறம்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லல. ஆறு மாதம் கழித்து இருமல் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை சளியில் ரத்தம்.

பாதியில் நிறுத்தினால் இன்னொரு ஆபத்தும் இருக்கு. மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகி, அந்த மருந்துக்கே சாகாமல் போய்விடலாம். அப்போ வேற மருந்து தேட வேண்டியிருக்கும். தாத்தாவின் சளியைப் பரிசோதித்துப் பார்த்ததில், நல்ல வேளையாக அப்படி ஆகல. முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

விழுங்கினால் கொல்லும் தூசி

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா தாத்தாவிடம் முதலில் கேட்டது, "பெரியவரே, நீங்க கல்லு வேலை பார்த்தீங்களா?" என்றுதான். தாத்தா முப்பது வருஷம் கல் உடைத்தவர்.

கல்லில் சிலிக்கா என்ற பொருள் இருக்கு. கல் உடைக்கும்போது வரும் தூசியில் 5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நேரே நுண்ணறைக்குப் போகும். (1000 மைக்ரோமீட்டர் = 1 மில்லிமீட்டர். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரோமீட்டர் தடிமன்.) கண்ணுக்குத் தெரியும் தூசியை விட, தெரியாத தூசிதான் அதிக ஆபத்து.

மேக்ரோஃபேஜ் அதையும் கிருமி என்று நினைத்து விழுங்கும். ஆனால் கல் எப்படிச் செரிக்கும்? அந்தத் துகள் உள்ளே இருக்கும் நொதிப் பையைக் கிழித்துவிடும். நொதி கொட்டி மேக்ரோஃபேஜே செத்துப்போகும். உள்ளே இருந்த துகள் மறுபடி வெளியே விழும். அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதையே விழுங்கும். அதுவும் சாகும். வேலைக்குப் போவதை நிறுத்தின பிறகும் இது நிற்காது. செத்த இடமெல்லாம் தழும்பாகி, நுரையீரல் விறைத்துவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, தடுக்க மட்டும்தான் முடியும்.

காவல்காரர்கள் இப்படிச் செத்துக்கொண்டே இருந்தால், காசநோய்க் கிருமிக்குக் கதவு திறந்தது மாதிரிதானே? அதனால் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். தாத்தாவுக்கு இரண்டும் இருக்கு.

எங்க அப்பாவும் இப்போ அதே கல்லு வேலைக்குத்தான் போகிறார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். ஆனால் இந்த நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது. துளை போடும்போதும் உடைக்கும்போதும் தண்ணி தெளித்தால் தூசி பறக்காமல் அடங்கும். அதுதான் நல்ல வழி. அதோடு தூசிக்கென்றே உள்ள முகக்கவசமும் வேணும்.

இந்தக் கட்டுரையை ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. பிறகு, "உள்ள போன தூசி திரும்ப வராதா பாப்பா?" என்று கேட்டார். வராதுப்பா என்று சொன்னேன். மறுநாள் கூட வேலை பார்க்கும் நாலு பேரோடு சேர்ந்து, தண்ணிக் குழாய் போட்டுத் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்காங்களாம்.

உங்களுக்குத் தெரியுமா?

* காசநோய்க்கு வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதும் என்று நிரூபித்தது நம்ம சென்னைதான்! முன்பெல்லாம் நோயாளியைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் வைப்பார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஒரு பகுதி நோயாளிகளை வீட்டிலும் ஒரு பகுதியை சானட்டோரியத்திலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றியது.

* உங்க இடது கை மேல்புறத்தைப் பாருங்கள். சின்னதா ஒரு தழும்பு இருக்கா? பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. 1921இல் பாரிஸில் முதன்முதலாகப் போடப்பட்டது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காக்கும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்க அது போதாது. 1968இல் தொடங்கி செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் இது தெரிந்தது.

* உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர்.

நாம் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மருந்தும் இலவசம். சத்தான உணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது.
2. இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். கண்ட இடத்தில் துப்பக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றும் வெயிலும் வரும்.
3. டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.
4. முட்டை, பயறு, கடலை, கீரை சாப்பிட வேண்டும். வெள்ளை அணுவுக்கும் சாப்பாடு வேண்டும்.
5. காசநோய் உள்ளவரை ஒதுக்கக் கூடாது. தட்டு, டம்ளரால் இந்த நோய் பரவாது, காற்றில்தான் பரவும். ஒழுங்காக மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பரவுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐந்தாவதை நான் வேணும்னேதான் எழுதியிருக்கேன். எங்க வீட்டில் தாத்தாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தோம். வாசல் திண்ணைக்கு வந்து படிக்கும் தோழிகள் சில பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் அந்த டம்ளரைத் தொடாமல்தான் இருந்தேன். இப்போ தனி டம்ளர் இல்லை.

தாத்தாவுக்கும் பதில் சொல்லிவிட்டேன். "உங்க காவல்காரங்க வயித்துக்குள்ள எதிரி தூங்குறான் தாத்தா. அவங்களால தனியா கொல்ல முடியல. மாத்திரைதான் துணைக்கு ஆளு. ஆளைப் பாதியில திருப்பி அனுப்பக் கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் பேனாவால் டிக் அடிக்கிறேன். இன்றைக்கு 97ஆவது டிக்.

விடை சொல்லுங்கள்

1. காசநோய்க் கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத அணு எது?
2. கல் தூசியை விட்டு வந்த பிறகும் சிலிக்கோசிஸ் ஏன் வளர்கிறது?
3. இருமல் நின்ற பிறகும் மருந்து ஏன் சாப்பிட வேண்டும்?

மூன்றுக்கும் சரியான விடையை எழுதி, சுவர் இதழ்ப் பெட்டியில் போடுபவர் பெயர் அடுத்த இதழில் வரும். விடை இந்தத் தாளிலேயே இருக்கு, நல்லா படிச்சுப் பாருங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி